காலம் உரிமை தருமா?

ஒருவனுடைய காணியில் இன்னொருவன் பல்லாண்டு குடியிருந்து பயன்கொண்டால், அந்த ஆண்டுகளே அதனை அவனுக்கு உரியதாக்கிவிடுமா? இது சட்டம் பயில்வோர்க்கு மட்டும் உரிய வினா அன்று. போரைக் கடந்துவந்த நம் மக்கள் அனைவரையும் தொடும் அறவினா. மன்னார்க் கரையில், வங்காலை போன்றதொரு மீனவர் ஊரின் வீட்டு வளவு பற்றிய வழக்கு நீதிமன்றம் ஏறும்போது, அதன் பின்னால் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய உரோமச் சட்டமும் நிற்கின்றது. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரைப் பறித்த ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம-ஒல்லாந்தச் சட்டத்தை, ஆங்கிலேயர் 1799 இல் ஒரு பிரகடனத்தால் நிலைநிறுத்தினர். இன்றும் இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அதுவே அடிப்படை. ஆதலின், உரோமர் தம் வழக்குகளை எவ்வாறு தீர்த்தனர் என்று நாம் வினவுவது வெறும் பழங்கதை ஆர்வத்தால் அன்று.

கி.மு. 451–450 இல் அவர்களுடைய பன்னிரு பலகைச் சட்டம் எழுதப்பட்டது. சட்டம் உயர்குடியினரின் நினைவில் மட்டும் ஒளிந்திருத்தலாகாது என்று பொதுமக்கள் போராடிப் பெற்ற வெற்றி அது. ஆயினும், எழுத்தில் வந்த சட்டமும் வலியோர் பக்கமே சாய்ந்தது. எதிராளியை மன்றுக்குக் கொண்டுவருவது வழக்காளியின் பொறுப்பு. அவன் வர மறுத்தால் சாட்சி வைத்துப் பிடித்திழுத்து வரலாம். ஏவலர் புடைசூழ வாழும் செல்வனை ஏழை உழவன் எங்ஙனம் பிடித்திழுப்பான்? மேலும், இருதரப்பாரும் பந்தயம் கட்டியே வழக்காட வேண்டும். ஆயிரம் காசுக்குக் குறைந்த வழக்குக்கு 50 காசு; ஏனையவற்றுக்கு 500. தோற்றவனுடைய பந்தயம் பொதுக் கருவூலத்தைச் சேரும். சொல் பிழைத்தால் வழக்கும் பிழைத்தது. திராட்சைக் கொடிகளை வெட்டியவன்மீது வழக்கிட்ட ஒருவன், சட்டத்தில் உள்ளபடி ‘மரங்கள்’ என்னாது ‘கொடிகள்’ என்றமையால் தோற்றான் என்று காயுஸ் என்னும் சட்ட அறிஞர் கூறுகின்றார்.

பிற்காலத்தில் பிரேத்தர் என்னும் அதிகாரி இந்த இறுக்கத்தைத் தளர்த்தினார். வழக்கு இரு கட்டங்களில் நடந்தது. பிணக்கு யாது என்பதைப் பிரேத்தர் சுருங்கிய வாசகமாக வரையறுத்துக் கொடுப்பார். இருதரப்பும் ஏற்ற ஒரு குடிமகன் நடுவராக அமர்ந்து, சான்று கேட்டுத் தீர்ப்பளிப்பான். நடுவர் பட்டியலில் இடம்பெற்றோர் பெரும்பாலும் செல்வரே என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி நம் வினாவுக்கு வருவோம். நிலத்தை நன்னம்பிக்கையுடன் ஈராண்டு இடையறாது ஆண்டவன் அதற்கு உரியவனாவான் என்றது உரோமச் சட்டம். வன்முறையால் கவர்ந்ததற்கு அவ்வுரிமை இல்லை. இவ்விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. உழுது பயிரிட்டு வாழ்பவனை, எங்கோ உறங்கிய பழைய உறுதியைக் காட்டி ஒருவன் என்றும் அச்சுறுத்திக்கொண்டிருக்க இடமளித்தால், உழைப்பவனுக்கு நிம்மதி ஏது? ஆனால் இந்த நியாயம் ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றது: உரியவன் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்பதே அது. கேட்கவே இயலாதவன் நிலை யாது?

இங்கேதான் பிரேத்தரின் ஆணை நம் கருத்தைக் கவர்கின்றது. அச்சத்தால் ஊரை விட்டகன்றோர், அரசுப் பணியில் வெளியூர் சென்றோர், விலங்கிடப்பட்டோர், பகைவர் கையில் சிக்கியோர் ஆகியோர் இல்லாத வேளையில் இழந்ததை அவர்கள் மீட்டுப்பெறலாம் என்றது அது. கேட்கும் ஆற்றல் கைவந்த நாள் முதலே அதற்குரிய ஓராண்டு எண்ணப்பட்டது. மனிதரைச் சந்தையில் விற்ற அதே சமுதாயம், அஞ்சி ஓடியவனின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளவில்லை.

நம் நாட்டிலோ, 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியைப் பிறர் உரிமைக்கு எதிராகப் பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவன் உரித்துக் கோரலாம். தன் உரிமை மீறப்பட்ட வேளையில் கடல் கடந்திருந்தவனுக்கு அச்சட்டமே விலக்களித்தது. ஆகவே படகேறி மண்டபம் முகாம் சேர்ந்தவன் அந்த விலக்கைக் கேட்கலாம். மடுக் காட்டில் ஒதுங்கியவனுக்கு அது இல்லை! வணிகரும் அதிகாரிகளும் கப்பலேறிய காலத்தை எண்ணி எழுதிய சட்டம், குடிகள் உள்நாட்டிலேயே ஏதிலிகளாவர் என்று எண்ணவில்லை.

1985 ஜனவரி 6 இல் வங்காலையில் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் சுட்டுக்கொல்லப்பட்டார். 2006 ஜூனில் அதே ஊரில் ஒரு குடும்பத்தினர் நால்வர் தம் வீட்டிலேயே கொலையுண்டனர். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். இத்தகைய நாட்களில் நீதிமன்றப் படியேறி வழக்குரைக்கவில்லை என்று எவரைக் குறைகூறுவது?

இதனை உணர்ந்தே 2016 இல் 5 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஆயுதக் குழுக்களின் செயல்களையே அது காரணமாகக் குறித்தது. வழக்கிட ஈராண்டே அளித்தது. படையினருக்கு அஞ்சி ஓடியவனின் அச்சம் அச்சமன்றோ? உரோமப் பிரேத்தர், யாருக்கு அஞ்சினாய் என்று கேட்டுத் தரம்பிரிக்கவில்லை.

இன்னொன்றையும் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். வெற்றுக் காணியில் குடியேறியவர் எல்லோரும் கவர்ந்தோர் அல்லர். அவரிற் பலர் வேறோர் ஊரிலிருந்து துரத்தப்பட்ட நிலமற்றோரே. அத்தகைய வழக்கில் ஏழையும் ஏழையும் எதிரெதிர் நிற்க, இருவரையும் அலையவைத்த போர் மன்றுக்கு வராமலே தப்பிவிடுகின்றது. உரியவனுக்குக் காணியை மீட்டளிப்பதோடு, வெளியேறுபவனுக்கு வேறு நிலம் தருவதும் அரசின் கடமை. இவற்றுள் ஒன்றை மட்டும் செய்வது பாதி நீதியே.

காலம் உரிமை தருமா என்ற வினாவுக்கு நம் விடை இதுவே: பேச வாய்ப்பிருந்தும் பேசாதிருந்த காலத்தை மட்டுமே சட்டம் எண்ணலாம், அஞ்சி வாயடைத்திருந்த காலத்தை எண்ணலாகாது. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் மாணவருக்கு விளக்குவதும், அதனைச் சட்டத்தில் ஏற்றுவிக்கக் குரல்கொடுப்பதும் கற்றோராகிய நம் பணி.