நாபோத்தின் தோட்டமும் அந்தினோரியின் தோட்டமும்

பைபிளில் ஆகாப் ராஜா கேட்டது பெரிய விஷயமில்லை. யெஸ்ரயேலில் அரண்மனையை ஒட்டியிருந்த ஒரு திராட்சத்தோட்டம். அதில் கீரை போடப்போகிறான். பதிலுக்கு அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான், வேண்டாமென்றால் பணம். எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் செல்லக்கூடிய பேரம்தான். தோட்டக்காரன் நாபோத் மறுத்துவிட்டான். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான். ராணி யேசபேல் பொய்ச்சாட்சிகளை வைத்து நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லச் செய்தாள்.

பிரசங்கங்களில் இது பெரும்பாலும் அதிகாரத்தின் பேராசையைச் சொல்லும் கதை. அதைவிடச் சிக்கலான கேள்வி நாபோத்தின் மறுப்பில் இருக்கிறது. விலை போதவில்லை என்று அவன் சொல்லவில்லை. முன்னோர் விட்டுப்போனதை விற்கும் உரிமையே தனக்குக் கிடையாது என்று நம்பினான். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரமும் அப்படித்தான் சொல்கிறது: நிலம் கடவுளுடையது, உழுபவர்கள் வந்து தங்கியவர்கள், ஆகவே அறுதியாக விற்கக் கூடாது.

இந்த நம்பிக்கை இத்தாலியின் டஸ்கனியில் வேறொரு வடிவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1385இல் ஜொவான்னி தி பியெரோ அந்தினோரி என்பவர் புளோரன்ஸ் நகர ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். அதிலிருந்து 26 தலைமுறையாக அந்தக் குடும்பம் அதே தொழிலில் இருக்கிறது. புளோரன்ஸின் நடுவே உள்ள அவர்களது மாளிகை 1506இல் வாங்கியது.

ஆனால் முன்னோர் வழியில் அப்படியே நடந்ததால் நிலைத்தார்கள் என்று எண்ணினால் தவறு. 1966இல் பொறுப்பேற்ற பியெரோ அந்தினோரி செய்த முதல் பெரிய காரியமே மீறல்தான். கியாந்தி என்ற பெயரில் விற்க வேண்டுமானால் சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையும் கலக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். தன் திக்னானெல்லோ தோட்டத்து ஒயினில் அவர் அதை ஒதுக்கத் தொடங்கினார். 1975க்குள் வெள்ளைத் திராட்சை அடியோடு போய், பிரான்சின் காபர்நே திராட்சை சேர்ந்தது. மீறத் தொடங்கியதன் விளைவாக, 1971 அறுவடையிலிருந்தே அந்த ஒயின் வெறும் ‘மேசை ஒயின்’ என்ற தாழ்ந்த முத்திரையோடு கடைக்குப் போனது. பிற்பாடு இத்தாலியின் விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றானது.

உண்மையான சோதனை வெளியிலிருந்து வரவில்லை. 1980களில் பியெரோவின் தம்பியும் தங்கையும் தங்கள் பங்கை விற்க விரும்பினார்கள். அதை வாங்கி, பிரிட்டனின் விட்பிரெட் என்ற மது நிறுவனம் உள்ளே வந்தது. விற்க விரும்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அறுநூறு வருடச் சங்கிலியில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவருக்கும் சொந்த வாழ்க்கை உண்டு. தம்பி லொதொவிக்கோ தனியாக ஒர்னெல்லாயா என்ற புகழ்பெற்ற தோட்டத்தையே உருவாக்கினார். 1991இல் பியெரோ விட்பிரெட்டின் பங்கைத் திரும்ப வாங்கினார்.

நாபோத்தைப் போற்றுபவர்கள் அதிகம் பேசாத ஒரு வசனம் அதே லேவியராகமத்தில் இருக்கிறது. ஏழ்மைப்பட்டவன் நிலத்தை விற்கலாம். நெருங்கிய உறவினன் வந்து அதை மீட்கலாம். யாரும் வராவிட்டால் ஐம்பதாம் வருடமான யூபிலியில் நிலம் தானாகத் திரும்பும். (மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை, மீட்க ஒரே வருடம்தான். புளோரன்ஸ் மாளிகை தப்பியது!)

பியெரோவுக்கு மகன் இல்லை, மூன்று மகள்கள். செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயிடம் வந்து தகப்பன் நிலத்தில் பங்கு கேட்டு வென்றதை எண்ணாகமம் சொல்கிறது. சில அதிகாரங்கள் கழித்து அதற்கு ஒரு நிபந்தனை வருகிறது: சொந்தக் கோத்திரத்திலேயே மணமுடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் கைமாறிவிடும். உரிமை கொடுத்த கை உடனே வேலியும் போட்டது. அந்தினோரி வீட்டில் அந்த வேலி இல்லை. மூத்த மகள் அல்பியேரா இன்று நிறுவனத்தின் தலைவர். பதிலாக வேறொரு வேலி இருக்கிறது: பங்குகள் குடும்பத்தைவிட்டுப் போகாதபடி 90 ஆண்டுகளுக்கு ஒரு டிரஸ்ட்.

இங்கேதான் நாபோத்திடமிருந்து பியெரோ விலகுகிறார். நாபோத் தன் வாயால் மறுத்தான், அதன் விலையையும் தானே கொடுத்தான். டிரஸ்ட், இன்னும் பிறக்காதவர்களின் சார்பில் இன்றைக்கே மறுத்துவிடுகிறது. தகப்பன் தோற்று விற்கவும், பிள்ளைகள் இழந்ததைப் பெறவும் இடம்விட்ட லேவியராகமமே இதைவிட நியாயமானது. 1991இல் பங்கு குடும்பத்துக்குத் திரும்பியபோது அப்படி எந்த டிரஸ்டும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.