வழியில் நின்ற வண்டி



சென்ற மாதம் பெக்கோக்கில் நடைபெற்ற மௌலிது மஜ்லிஸுக்காக ஜொகூர் பாருவிலிருந்து நாம் ஐவர் ஒரு வேனில் புறப்பட்டோம். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, சாஆ வழியாகப் போகவேண்டும். சாஆவைத் தாண்டினால் பாதையின் இருமருங்கிலும் செம்பனைத் தோட்டம்தான். ஊர் போய்ச் சேரச் சில மைல்களே இருக்கையில் ரேடியேட்டர் குழாய் வெடித்து, ஆவியைக் கக்கிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. நெடுஞ்சாலையாயிருந்தால் உதவி வண்டி வரும். தோட்டப் பாதைக்கு யார் வருவார்? கைத்தொலைபேசியும் ஊமையாகிவிட்டது. வெயிலோ உச்சி வெயில்.

சற்று நேரத்தில் நம்மவர்கள் நிறைந்த கார் ஒன்று வந்தது. வேகம் குறையாமல் போயே போய்விட்டது! அவர்களும் அதே மஜ்லிஸுக்குப் போகிறவர்களென்பது தொப்பியிலேயே தெரிந்தது. எங்களில் இளைஞர் ஒருவர், “இவர்களெல்லாம் மௌலிது ஓதி என்ன பிரயோஜனம், ஹஜ்ரத்?” என்று கொதித்தார். உடனிருந்த ஹஜ்ரத் அமைதியாக, “தம்பி, யோங் பெங் தாண்டியதும் ஒரு லாரி நின்றதே, நாம் நிறுத்தினோமா?” என்று கேட்டார்.

நாம் தலைகுனிந்தோம். நேரமாகிவிட்டதென்று, ஸலவாத்து ஓதிக்கொண்டே அந்த லாரிக்காரரைக் கடந்து வந்திருந்தோம்.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகையை அங்கே நினைத்துக்கொண்டோம். கி.பி. 625இல் உஹத் யுத்தத்தில் தந்தை ஷஹீதாகிவிட, கடனையும் சகோதரிகளையும் தலைமேல் சுமந்த வாலிபர் அவர். ஒரு போரிலிருந்து திரும்புகையில் அவருடைய ஒட்டகை களைத்துப்போய்ப் படையின் பின்னே தங்கிவிட்டது. அவரிடம் வந்தது யார்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே! தலைவர் முன்னால் போவதுதான் உலக வழக்கம். அன்னாரோ பிரயாணங்களில் பின்தங்கி வந்து, தள்ளாடுகிறவர்களை நடத்திக் கூட்டிச் செல்வார்கள். அன்று ஒட்டகையைத் தட்டி எழுப்பி ஓடச் செய்தார்கள். அதையே விலைபேசி வாங்கி, மதீனா வரை அவரையே ஏறிவரச் சொன்னார்கள். ஊர் சேர்ந்ததும் விலைக்கு மேலாகவே கொடுத்து, ஒட்டகையையும் திருப்பித் தந்துவிட்டார்கள். கடன்காரப் பிள்ளையின் மானம் கெடாமல் உதவுவதற்கு அது ஒரு வழி.

சகோதரர்களே, வழியில் நின்றவனுக்கு நாம் செய்வது தயவு என்று எண்ணிக்கொள்கிறோம். திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் ஜக்காத்துப் பெற உரியவர்களை எட்டு வகையாகச் சொல்லுகிறது. அதில் இப்னு ஸபீல் என்னும் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் அவருக்கு மாடி வீடு இருந்தாலும் சரியே. வழியில் கையறு நிலையில் நின்றுவிட்டால் அந்தப் பொருளில் அவருக்குப் பங்குண்டு. பங்குக்காரனைக் கடந்து போவதற்கு என்ன பெயர் சொல்வது?

பனைமர நிழலில் லுஹரையும் அஸரையும் கஸ்ராகச் சேர்த்துத் தொழுதோம். (இடையில் இளைஞர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்; தடுத்துவிட்டோம். சூடாயிருக்கையில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். இதுவும் அறிந்திருக்கவேண்டிய இல்முதான்.)

கடைசியில் நின்றது ஒரு மோட்டார் சைக்கிள். தோட்டத்தில் வேலை செய்யும் தமிழர், நெற்றியில் விபூதி. பார்த்துவிட்டுப் போனவர் தண்ணீர்த் தோம்பும் கத்தியும் கம்பியுமாகத் திரும்பி வந்தார். வெடித்தது குழாயின் ஓரத்தில்தான். அந்தத் துண்டை அறுத்தெறிந்து, மிச்சத்தை இழுத்து மாட்டிக் கம்பியால் இறுக்கினார். பணத்தை நீட்டினோம். “வழியில நின்னவங்ககிட்ட காசு வாங்கலாமா, பாய்? மெதுவா ஓட்டிப் போங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மஜ்லிஸில் நம்மைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த பயானை மடித்து வைத்துவிட்டு, இதைத்தான் சொன்னோம், லாரியையும் மறைக்காமல். முன்வரிசையில் சிலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு திரும்பும்போது யோங் பெங் அருகே வேகத்தைக் குறைத்து அந்த லாரியைத் தேடினோம். லாரி இல்லை. பின்னால் வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கையாக அவர் ஒடித்துப் போட்டிருந்த மரக்கிளைகள் மட்டும் பாதையோரம் வாடிக் கிடந்தன.