ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம்

2025 செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தமக்கை மகன் திருமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கோடு போட்டுக் கட்டம் கட்டி, ஐந்து சிறு கார்களின் விலையை எழுதி வைத்திருந்தான். அந்த மாதம் 22-ம் தேதி முதல் சிறு கார்களின் ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதுவரை 28 சதவீதமும், அதற்கு மேல் ஒரு செஸ் வரியும் இருந்தன. பல வருஷங்களாக மோட்டார் சைக்கிளில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அலைகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, இந்த அஞ்சுல எது வாங்கினா குடுக்கிற பணத்துக்குத் தகும்? நீங்க வாங்கி ஓட்டினவராச்சே, சொல்லுங்க" என்றான்.

வாங்கி ஓட்டினவன்தான். ஆனால் நான் கார் வாங்கிய கதையை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் அவனிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அவனுடைய கட்டங்களைப் பார்த்தபோது எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவரோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். மதுரைக்காரர்களுக்கு மாட்டுத்தாவணி என்றால் இன்று பேருந்து நிலையம்தான். தாவணி என்பதற்கே மாட்டுச் சந்தை என்று பொருள் என்பதைப் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் எங்கே நினைக்கப் போகிறார்கள்! சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பேசுகிற இருவரைத் தவிர மூன்றாம் மனிதனுக்கு விலை தெரியாது. மாடு மட்டும் எல்லோர் கண் முன்னாலும் நிற்கும். தாத்தா பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ஒரு முறை, நல்ல உழைப்பாளி மாடு, விலையும் சல்லிசு, ஆனால் கிட்டே போனால் கொம்பை ஆட்டியது. தாத்தா வேண்டாம் என்று திரும்பிவிட்டார். "பயந்துட்டீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "எனக்கென்னடா பயம்? தீனி வைக்கப் போறது உங்க அப்பத்தா" என்றார்.

கார்க் கடையில் எல்லாம் தலைகீழ். விலை கொட்டை எழுத்தில் ஊருக்கே தெரியும். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் துண்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கொட்டை எழுத்து விலைகூட முழு விலை அல்ல. தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் வரை 12 சதவீதமும், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதமும் ஆயுள் வரி உண்டு. 2018-ம் வருஷத்திலிருந்து புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். பதிவுக் கட்டணம் தனி. மருமகன் இதையெல்லாம் சரியாகக் கூட்டியிருந்தான். கணக்கில் அவன் புலி. ஆனால் 'தகும்' என்ற ஒரு சொல்லை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் என்னிடம் வந்திருந்தான், பாவம்!

அந்தச் சொல் சிரமமான சொல். தண்ணீரைப்போலப் பயன்படும் பொருள் வேறில்லை, ஆனால் அதற்கு விலையே இல்லை. வைரத்தால் ஒரு பயனும் இல்லை, ஆனால் அதன் விலை ஆகாயத்தில் நிற்கிறது என்று ஆடம் ஸ்மித் 1776-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஆச்சரியப்பட்டார். நம் தேசத்தில் இந்தப் புதிருக்குக் காரும் ஓர் உதாரணம். அம்பாஸடருக்கும் பியட்டுக்கும் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலத்தில், புதுக் காரைவிடப் பழைய கார் அதிக விலைக்குப் போனது. அப்போது யாரும் எது தகும் என்று கேட்கவில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, ஐம்பதாயிரம் ரூபாய்க்குள். அதன் பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்காரன் தேர்ந்தெடுக்கிற மனிதனானான்.

அப்புறம் நானோ. ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, குழந்தைகள் என்று ஒரு குடும்பமே மழையில் போவதைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு அந்த எண்ணம் உதித்ததாகச் சொல்வார்கள். 2008 ஜனவரி 10-ம் தேதி டில்லிக் கண்காட்சியில், ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். உலகமே வாயைப் பிளந்தது. பத்து ஆண்டுகளில், 2018-ல், அதன் உற்பத்தி ஓய்ந்துவிட்டது. சிங்கூரிலிருந்து சானந்துக்குத் தொழிற்சாலை இடம் பெயர்ந்தது, சில வண்டிகள் தீப்பிடித்தது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் மிக மலிவான கார் என்று சொல்லி விற்றதே பிழை என்று டாடாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். யோசித்துப் பாருங்கள்: மனிதன் கார் வாங்குவது மழைக்கு மட்டும் அல்ல. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும்தான். 'இது மலிவு' என்று ஊரறிந்த பொருளை வாசலில் நிறுத்த அவனுக்கு மனம் கூசுகிறது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் அந்த ஜாதிதான்.

2020-ன் தொடக்கத்தில், கொரோனா வருவதற்குச் சற்று முன்பு, நான் ஒரு சிறு கார் வாங்கினேன். ஒரே கார், ஒரே நிறம், ஒரே என்ஜின், இரண்டு விலை. வித்தியாசம் ஆறாயிரம் ரூபாய். விற்பனைப் பையன் அதை வேகமாகச் சொல்லிக் கடந்தான். நானும் வேகமாகத் தலையாட்டிக் கடந்தேன். மிச்சப்படுத்திய சந்தோஷத்தில் சீட் கவர், ஸ்பீக்கர், ஜன்னலுக்கு மேல் பளபளக்கும் பட்டை என்று ஒன்பதாயிரத்துக்குச் சாமான் வாங்கிப் போட்டேன். கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட திருப்தி இன்னும் நினைவிருக்கிறது.

ஊரடங்கில் கார் வாசலிலேயே நின்றது. வீட்டில் வார, மாதப் பத்திரிகைகள் எல்லாம் தீர்ந்துபோய், என் மனைவி காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் மத்தியானம் கேட்டாள்:

"உங்க பக்கம் ஏர்பேக்னு போட்டிருக்கு. என் பக்கம் இல்லையே?"

"சட்டப்படி ஓட்டறவருக்குத்தான் கட்டாயம்" என்றேன். அது உண்மைதான். 2019 ஜூலை முதல் ஓட்டுபவருக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கும் வேண்டும் என்ற விதி 2021-ல்தான் வந்தது.

"அப்ப அந்த ஆறாயிரம் அதுக்குத்தானா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தாள். "சீட் கவர் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இதில் நான் செய்த தவறு என்ன என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். மனைவியின் உயிருக்கு ஆறாயிரம் பெறாது என்றா நான் நினைத்தேன்? இல்லவே இல்லை. நான் எதையும் நினைக்கவே இல்லை என்பதுதான் விஷயம். விலையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பையன் சொன்னான், கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். இந்த ஊரிலேயே நடந்ததாகச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறதே! இரண்டு சிலம்பும் வெளியில் ஒரே மாதிரி. ஒன்றில் முத்துப் பரல், மற்றதில் மாணிக்கப் பரல். உடைந்தபோதுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. அதற்குள் ஒரு உயிர் போய்விட்டிருந்தது. காரும் அப்படித்தான். 2014-ல் இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை வண்டிகளாகப் பார்த்து எடுத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிச் சோதித்தார்கள். பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒன்றுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதில் ஒரு காரை, முன்புறம் இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி மோதினார்கள். நான்கு நட்சத்திரம் வந்தது! கடையில் நிற்கும்போது இரண்டுக்கும் வெளிப் பார்வைக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

மருமகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "மாமா, ஒவ்வொண்ணாச் சேர்த்துக்கிட்டே போனா விலை ஏறும். என்னை மாதிரி ஆளு வாங்க முடியாம பைக்லயே கெடப்பான். பைக்ல ஏது ஏர்பேக்?" என்று கேட்டான். ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கப் போவதாக 2022-ல் மத்திய அரசு சொல்லி, அடுத்த வருஷம் கட்டாயமில்லை என்று விட்டபோதும் இந்த விவாதம்தான் நடந்தது. நானோ பிறந்ததும் இந்த நியாயத்தில்தானே? திருமங்கலம் நாற்கர சாலையில், லாரிகளுக்கு நடுவே நாலு பேரோடு போகும் பைக்கைவிட மிகச் சாதாரணமான காரும் மேல்தான். இந்த வாதத்தை என்னால் உடைக்க முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரியும்: அது அவனுடைய வாதம். அவன் பைக்கிலிருந்து இறங்குகிறவன். ஒன்பதாயிரத்துக்கு அலங்காரச் சாமான் வாங்கிய நான் அதை இரவல் வாங்கிக்கொள்ள முடியாது.

பேச்சு வளர்ந்து, காபி குடிக்க மேல மாசி வீதிப் பக்கம் போனோம். அந்த வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான் காந்திஜி மேல்சட்டையை நீக்கி அரைத்துணிக்கு மாறினார். 1921-ம் வருஷம், அதுவும் செப்டம்பர் 22-ம் தேதி. வரி குறைந்த அதே தேதி! மருமகனிடம் சொன்னேன். "அவருக்குக் கார் வாங்கற கவலை இல்ல மாமா" என்றான்.

வீடு திரும்பியதும் நோட்டை மறுபடி விரித்தான். ஐந்து, இரண்டாகக் குறைந்திருந்தது. ஒன்று விலை குறைவு, முன்னால் மட்டும் இரண்டு ஏர்பேக். மற்றது கொஞ்சம் அதிகம். பின்னால் இருப்பவர்களின் தலைக்குப் பக்கவாட்டிலும் விரிகிற மாதிரி ஆறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"அத்தை, நீங்க சொல்லுங்க" என்று என் மனைவியிடம் நோட்டை நீட்டினான். அவள் விலைகளைப் பார்க்கவில்லை. நோட்டை மூடி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போகிற போக்கில் கேட்டாள்:

"ஏன்ப்பா, உங்க அம்மா எங்க உக்காருவாங்க?"