ஞானஸ்நானத்துக்கு மறுநாள்



தவக்காலம் வந்தால் தியானத்துக்குப் போகிறோம். கண்ணீர் விட்டு ஜெபிக்கிறோம். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, இனி நான் புது மனிதன் என்று தீர்மானம் எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் உயிர்ப்புப் பெருவிழா முடிந்த சில வாரங்களிலேயே பழைய கோபமும் பழைய பகையும் வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. மனமாற்றத்தை ஒரு நாள் விசேஷமாக நினைத்ததுதான் நம் குறை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுலடிகளார் அதை அன்றாடம் நடக்கிற காரியமாகச் சொல்கிறார்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்தே இங்கே பெரிய சவால் தண்ணீர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் கடும் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல்மண்ணை அள்ள அள்ள, அதை அமுக்கி வைத்திருந்த பாரம் குறைகிறது. நீர் படுகையைப் பிளந்துகொண்டு மேலே வரப் பார்க்கிறது. அதனால்தான் பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று பாராமல் பம்புகள் ஓடுகின்றன. நேற்று நிறைய இறைத்தாயிற்று, இன்று நிறுத்திக்கொள்ளலாம் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. நம் மனத்தின் அடியில் கிடக்கிற பொறாமையும் வன்மமும் அப்படித்தான். அன்றாட ஜெபத்தை நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

நம் தமிழ் மண்ணிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரண்மனையில் பணியாற்றியவர். குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். மனம் உடைந்திருந்த நேரத்தில், 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மன்னரின் படையிலேயே சேர்ந்த டிலனாய் என்ற டச்சுத் தளபதி அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்த பிறகும் கடவுளைக் கைவிடாத அந்த மனிதரின் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதோடு கதை முடிந்திருந்தால் அவரை இன்று நாம் நினைத்திருக்க மாட்டோம். ஞானஸ்நானத்துக்கு மறுநாள் தொடங்கிய வாழ்க்கைதான் அவருக்குப் பெருமை. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களோடு கலந்து பழகினார். சாதி பார்க்காமல் எல்லோரும் சமம் என்று வெளிப்படையாகப் போதித்தார். மேல்சாதியினரின் பகையைச் சம்பாதித்தது அந்தப் போதனைதான். 1749-இல் கைது செய்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை கிடைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் அவர் மறுத்தார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்றே திருச்சபை அழைத்தது. இல்லறத்தில் வாழ்ந்த ஓர் இந்தியப் பொதுநிலையினர் புனிதரானது அதுவே முதல் முறை.

அவருடைய மனமாற்றத்தை அவர் விட்ட கண்ணீரை வைத்து யாரும் அளக்கவில்லை. யாரோடு பழகினார் என்பதை வைத்தே அளந்தார்கள். பகைவர்களும் அதைத்தான் பார்த்தார்கள், திருச்சபையும் அதைத்தான் பார்த்தது. நமக்கும் அதே அளவுகோல்தான்.

ஒரே சுரங்கத்தில் ஒரே புழுதியைச் சுவாசிக்கிற நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் கேண்டீனில் ஒரே மேசையில் உட்காருகிறார்களா? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வெளியே போன குடும்பத்துப் பிள்ளை உங்கள் குடியிருப்பு வட்டத்துக்கு வேலை கேட்டு வந்தால், வாசலிலேயே நிறுத்திப் பேசுகிறீர்களா, உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறீர்களா? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா?

வைத்திருந்தால் இன்று வீட்டுக்குப் போனதும் அதை எடுத்துவிடுங்கள். நாளைக் காலை அவருக்கு உங்கள் டம்ளரிலேயே காப்பி கொடுங்கள். மறுநாளும் கொடுங்கள். அதற்கான பலத்தை ஆண்டவர் உங்களுக்குத் தருவாராக. ஆமென்.