கேட்பதும் அதபுதான்

தொழுகையில் இமாம் ஒரு ரக்அத்தை மறந்துவிட்டால் பின்னால் நிற்பவர் "ஸுப்ஹானல்லாஹ்" என்று கூறி நினைவூட்டுகிறார். ஓதுவதில் தடுமாறினால் வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார். எந்த இமாமும் இதை அவமதிப்பாகக் கருதுவதில்லை. பேச்சே கூடாத தொழுகையில் திருத்துவதற்கு வழி வைத்த மார்க்கம், பயானில் தவறு நேர்ந்தால் மட்டும் வாய்மூடி இருக்கச் சொல்லுமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என நம் பகுதிப் பள்ளிவாசல்களுக்கு ஜும்ஆவுக்கு வருவோரில் மாணவர்களும் அலுவலர்களும் வியாபாரிகளும் உண்டு. நூறு ரூபாய்ச் சரக்குக்குப் பில் கேட்கும் நாம், "நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்" என்று ஒருவர் கூறிவிட்டால் எந்தக் கிதாபில் உள்ளது என்று கேட்பதில்லை.

சீன தேசம் சென்றாவது கல்வி தேடவேண்டும் என்ற செய்தியை ஹதீஸாகக் கேளாதவர் நம்மில் யார்? ஹிஜ்ரி 597ல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் 'அல்-மவ்ளூஆத்' நூலில் இதைச் சேர்த்துவிட்டார்கள். எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அது மேடைகளில் வாழ்கிறது!

"கருத்து நல்லதுதானே?" என்பர் சிலர். கருத்து நல்லதா என்பதல்ல கேள்வி. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைச் சொன்னார்களா என்பதே கேள்வி. கல்வியின் சிறப்புக்குத் திருமறையே போதும். தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவருக்கு நரகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அறியாமல் சொல்பவர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். ஆனால் கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற எச்சரிக்கையும் உண்டே! அது மேடையில் பேசுவோருக்கும், செல்பேசியில் அதை அனுப்பிவைப்போருக்கும் பொதுவானது.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டில் முடித்துவிட்டார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் கண்ணியத்தால் பேசத் தயங்கினர். துல்யதைன் (ரலி) என்ற தோழரோ, தொழுகை சுருக்கப்பட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று வினவினார். நாயகம் (ஸல்) அவர்கள் கோபம் கொள்ளவில்லை. மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, விடுபட்டதைத் தொழுது, ஸஜ்தா ஸஹ்வும் செய்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இந்நிகழ்ச்சி உள்ளது. வஹீ இறங்கிய நபியிடமே கேட்கலாம் என்றால், ஆலிமிடம் கேட்பது எப்படி மரியாதைக் குறைவாகும்?

இறைவசனங்கள் நினைவூட்டப்படும்போது செவிடராகவும் குருடராகவும் அவற்றின்மீது விழாதவர்களே ரஹ்மானின் அடியார்கள் என்று ஸூரத்துல் ஃபுர்கான் (25:73) கூறுகிறது. இறைவனின் வாக்கையே விழிப்போடு ஏற்கச் சொல்லும்போது, மனிதர் பேச்சைக் கண்மூடி ஏற்கலாமா?

ஆனால் கேட்பதற்கும் முறை உண்டு. குத்பாவின்போது பேசலாகாது. கூட்டத்தில் ஹஜ்ரத்தை நாணச் செய்வதும், மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம் புரட்டிவிட்டு அவரை எடைபோடுவதும் அதபல்ல. தொழுகை முடிந்தபின் தனியே சென்று, "இது எந்தக் கிதாபில் உள்ளது? பார்க்க ஆசை" என்று கேட்டால் போதும். மிம்பரில் ஏறும் நாமும், "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று கூற வெட்கப்படக் கூடாது. கேட்பார் இருக்கிறார் என்ற நினைவே நம்மை மீண்டும் கிதாபைத் திறக்க வைக்கும்.

பணிவோடு கேட்கும் ஜமாஅத்தையும், பொறுமையோடு விடை தரும் ஆலிம்களையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.