தொண்டையில் இறங்காத கவளம்

உணவு உண்டபின் நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் ஓதிய துஆக்களில் ஒன்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உணவும் நீரும் தந்ததற்காக மட்டுமல்ல, அது தொண்டையில் எளிதாக இறங்கியதற்காகவும் அதில் அல்லாஹ்வைப் புகழ்கிறார்கள். சோறு கிடைத்ததற்கு ஷுக்ரு செய்யும் நம்மில் எத்தனை பேர், அது இறங்கியதற்கு ஷுக்ரு செய்கிறோம்?

தொண்டையில் மூச்சுக்கும் உணவுக்கும் வழி ஒன்றே. சற்றுக் கீழேதான் அது இரண்டாகப் பிரிகிறது: முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். கவளம் இறங்கும் நொடியில் மூச்சு நிற்கிறது. குரல்வளை மேலே எழும்புகிறது. சிறு மூடி ஒன்று மூச்சுவழியை அடைக்கிறது. வயது ஏற ஏறத் தசை தளர்கிறது, உமிழ்நீர் குறைகிறது, பல் விழுகிறது. பக்கவாதமோ, நடுக்குவாதமோ, மறதி நோயோ சேர்ந்துகொண்டால் இந்த ஒழுங்கு குலைகிறது.

வீட்டில் நாம் காண்பது என்ன? வாப்பா தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். சாப்பிட்ட பின் குரல் நனைந்தாற்போல் கரகரக்கிறது. நாலு பேர் அமர்ந்துண்ணும் சஹனுக்கு அவர் வர மறுக்கிறார், இருமுவதற்கு வெட்கப்படுகிறார். சிலருக்கு இருமல்கூட வராது. உணவும் எச்சிலும் ஓசையின்றி நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக முற்றும். ஆகவே அடிக்கடி புரையேறுவதை வயோதிகத்தின் வழக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழுங்கும் பயிற்சி அளிப்பதற்கென்றே படித்தவர்களும் இன்று இருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. பெற்றோருக்கு ஊட்டுவது பிள்ளைகளின் கடமை. ஆனால் அந்த வாய் மூடிக்கொண்டால்? கையால் தட்டிவிட்டால்? வற்புறுத்தி ஊட்டுவது கித்மத்தா? விட்டுவிடுவது பாவமா?

நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயில் நடந்ததை அன்னை ஆயிஷா (ரலியல்லாஹு அன்ஹா) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றும் 'லதூத்' என்ற முறையில் வீட்டார் மருந்து புகட்டினார்கள். வேண்டாம் என்று நாயகம் அவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்து கசப்பது இயல்புதானே என்று வீட்டார் எண்ணிக்கொண்டார்கள். நோய் சற்றுத் தெளிந்ததும் நாயகம் அவர்கள் அதைக் கண்டித்து, அங்கிருந்த எல்லோருக்கும் அதே மருந்தைப் புகட்டச் சொன்னார்கள். உடன் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்கு!

புகட்டியவர்கள் பகைவர்களா? உயிருக்குயிராக நேசித்தவர்கள்! நேசம் இருந்தாலும், நோயாளியின் 'வேண்டாம்' என்பதைத் தள்ளிவிட உரிமை வந்துவிடாது என்பதல்லவா இதன் படிப்பினை? நோயாளிகளை உண்ணவும் பருகவும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்ற ஹதீதும் திர்மிதீ, இப்னு மாஜாவில் இருக்கிறது.

ஆனால், "வேண்டாம் என்கிறார்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடவும் இதில் இடமில்லை. வாய் மூடுவதற்குக் காரணம் வாய்ப்புண்ணாக இருக்கலாம். பொருந்தாத பல்செட்டாக இருக்கலாம். நம் அவசரமாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் விடுவது சோம்பல். அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கக் கூடாது.

ஊட்டும் முறைக்கு நம் சுன்னத்தே வழி காட்டுகிறது. சாய்ந்துகொண்டு உண்பதை நாயகம் அவர்கள் தவிர்த்தார்கள். தண்ணீரை மும்முறை மூச்சுவிட்டுப் பருகினார்கள். முதியவரையும் நிமிர்த்தி உட்கார வையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றாதீர்கள். சிறு கரண்டியால் கொடுத்து, ஒன்று இறங்கிய பின்பே அடுத்ததைக் கொடுங்கள். வாயில் உணவிருக்கையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். மிஸ்வாக்கின் சுன்னத்தை நினைத்து வாயைத் துடைத்துவிடுங்கள். அழுக்கு வாயின் எச்சில்தான் நுரையீரலைக் கெடுக்கும். நீரும் பருக்கையும் கலந்த நோன்புக் கஞ்சி சிலருக்கு இறங்காது. ஒரே பதமாக மசித்தால் இறங்கும். உணவின் பதத்தை மருத்துவ உலகம் 0 முதல் 7 வரை தரம் பிரித்திருக்கிறது. யாருக்கு எந்தப் பதம் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

குழாய் வழியாக உணவு செலுத்துவது? பக்கவாதம் வந்து, மீண்டும் விழுங்குவார் என்ற நம்பிக்கை இருக்கையில் அது உயிர் காக்கும். ஆனால் மறதி நோய் முற்றியவர்களுக்கு அது ஏற்றதல்ல, கவனமாகக் கையால் ஊட்டுவதே நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014ல் கூறியது. பலன் உறுதியில்லாத சிகிச்சையை ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் கடமையாக்கவில்லை. ஆகவே 'ஊர் என்ன சொல்லும்' என்று அஞ்சிக் குழாய் போடுவதும் சரியல்ல. செலவுக்கு அஞ்சி மறுப்பதும் சரியல்ல. அவருக்கு எது இதம் என்பதே அளவுகோல்.

ரமளானில் நோன்பு நோற்க இயலாத முதியவருக்கு ஃபித்யா இருக்கிறது. பகலில் உண்கிறோமே என்று அவர் குறுகிப்போகாமல் தேற்றுவதும் பிள்ளைகளின் வேலை. ஸக்ராத்தின் நேரத்திலோ, அன்பின் மிகுதியால் ஸம்ஸம் நீரைத் தம்ளரோடு ஊற்றாதீர்கள். பஞ்சில் நனைத்த சில துளிகளால் உதட்டையும் நாவையும் ஈரமாக்கினால் போதும்.

முதுமையடைந்த தாய் தந்தையரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்கிறது திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம். சிறு வயதில் அவர்கள் நம்மை வளர்த்ததை நினைவுகூர்ந்து அவர்களுக்காக ரஹ்மத்தைக் கேட்கும் துஆவையும் அங்கேயே கற்றுத் தருகிறது. நாம் துப்பியபோது உம்மா அடித்துத் திணிக்கவில்லை. துடைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, மறுபடி ஊட்டினாள். எத்தனை கவளம் உள்ளே போயிற்று என்பதல்ல அந்தக் கடமையின் கணக்கு. எவ்வளவு இரக்கத்தோடு அருகில் இருந்தோம் என்பதே கணக்கு.

விழுங்க இயலாத நம் பெரியோருக்கு அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக! அவர்களுக்கு ஊட்டும் கைகளில் பொறுமையைத் தருவானாக! ஆமீன்.