முதலில் நடந்தவர்கள்

அமெரிக்காவின் மேற்கை அறிய 1804இல் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் இருவரையும் நாயகர்களாக்கிப் பல நாவல்கள் வந்துள்ளன. கைக்குழந்தையுடன் அவர்களோடு நடந்தவள் ஷொஷோனிப் பழங்குடிப் பெண் சகாஜவேயா. அவர்கள் புது நிலம் கண்டதாக எண்ணினார்கள். அவளுக்கோ அதில் ஒரு பகுதி பிறந்த மண்.

நமக்கும் அப்படியோர் எல்லை நிலம் உண்டு. 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமான பின், ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் நெல் வயல்களாயின. பர்மியரும் கரேன் மக்களும் காடு திருத்தினர். செட்டியார்களின் கடன் உழவுக்கு முதலாயிற்று. கடல் கடந்து வந்த தமிழரும் தெலுங்கரும் வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தனர். 1942இல் போர் துரத்தியபோது, வந்தவர்களில் பலர் மலைவழியே கால்நடையாகத் திரும்பினர். வழியிலேயே மாண்டவர்களும் பலர்.

அரசு ஆவணம் மூட்டைகளை எண்ணும். சுமந்த தோள்களை எண்ணாது. அந்தக் குறையை நிரப்பவே வரலாற்று நாவல் பிறக்கிறது. ஆனால் நம்மவரின் துணிவை மட்டும் பாடுவது பாதி உண்மை. நமக்கு முன்பே அங்கு வாழ்ந்தவரின் இழப்பையும் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை.

யாங்கோன் நகரின் தின்கன்ஜூன் பகுதித் தமிழ் வீடுகளில் அந்தக் கதைகளைச் சொல்லக்கூடிய முதியோர் இன்று இருந்தால், இன்றே கேட்டு எழுதுவோம். முன்னோருக்குச் செய்யும் நன்றிகளில், அவர்களை உண்மையாக எழுதி வைப்பதும் ஒன்று.